மச்சான் சொன்ன பதில்

குளியலறையில் வாளி நிரம்பி வழிகிற சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்த தையல்காரி மெஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கத்தினாள்.

"என்னங்க, உள்ள என்ன ஆத்தையா தொறந்து விட்டிருக்கீங்க? டேங்க்ல சொட்டுத் தண்ணி மிஞ்சாது போல!"

"இதோ வந்துட்டேன்" என்று குரல் மட்டும் வந்தது. ஆள் வரவில்லை.

இரண்டு நாளாக இந்தக் குழாய்க் கூத்து நடக்கிறது. அவள் கணவர் பஸ் டிரைவர். நேரம் பார்த்தே வாழ்ந்து பழகிய மனுஷன், குளியலறைக்குள் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. இப்போதோ உள்ளே போனால் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அங்கேயே குடியிருக்கிறார். ஏதோ சுத்தம் அதிகமாகிவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள்.

ஒருவழியாக வெளியே வந்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலி வரைக்கும் நடந்தார். உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். ஜன்னல் பக்கம் போனார், திரும்பினார், கட்டிலில் படுத்தார், முனகிக்கொண்டே மறுபடி எழுந்தார். இடுப்பில் தொடங்கிய வலி வலது கால் வழியாக இறங்கிக் கட்டை விரல் வரைக்கும் போய் நின்றது. டிரைவர்களுக்கு முதுகுவலி புதிதில்லை. டிப்போவில் முதுகுவலி இல்லாத டிரைவரைக் காட்டினால் கண்காட்சி வைக்கலாம். ஆனால் இது அந்த வலி இல்லை. இது அவரை ஒரு நிமிஷம் ஓரிடத்தில் இருக்க விடவில்லை.

"ஒரு எடத்துல நில்லுங்களேன். பாக்குற எனக்கே தலை சுத்துது" என்றாள் அவள்.

"நின்னா வலிக்குது, உக்காந்தா வலிக்குது. நான் எங்க போக?"

"எங்கயும் போக வேணாம். அண்ணனுக்குப் போன் போட்டுட்டேன். வந்துட்டிருக்காரு."

அண்ணன் என்றதும் டிரைவரின் முகத்தில் நிம்மதியும் சங்கடமும் ஒன்றாக வந்தன. அந்த அண்ணனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பெரிய மருத்துவமனைக்கு நேர் எதிரே மருந்துக் கடை வைத்திருக்கிறார். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். எல்லோருக்கும் அவர் 'சிபாரிசு'. காவலாளி முதல் கண் டாக்டர் வரைக்கும் அத்தனை பேரையும் தெரியும். தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று யார் வந்து நின்றாலும், கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டுக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். காசு வாங்க மாட்டார், அது அவருக்குக் கேவலம். அவருக்கு வேண்டியதெல்லாம், 'நீங்க இல்லன்னா நாங்க இன்னும் வரிசையிலதான் நின்னுட்டிருப்போம்' என்ற ஒரு வார்த்தை. நல்ல மனுஷன்தான். ஆனால் நல்ல மனுஷர்கள் செய்கிற கெடுதலைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

சிபாரிசு வந்தார். வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு, "என்ன மாப்பிள்ளை, நான் ஒருத்தன் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன், நீங்க வீட்ல படுத்து முனகிட்டிருக்கீங்க? கிளம்புங்க!" என்றார்.

"அண்ணா, அங்க முதுகுவலிக்குன்னு கீழ ஒரு ரூம் வச்சிருக்காங்களாமே. மொதல்ல அங்கதான் போகணும்னு பக்கத்து வீட்டக்கா சொன்னாங்க" என்றாள் தங்கை.

"எது, கேள்வி ரூமா?" சிபாரிசு சிரித்தார். "அது யாரும் இல்லாத ஜனங்களுக்கு. ஒரு அம்மா உக்காந்துக்கிட்டு எங்க வலிக்குது, எப்ப வலிக்குது, தும்மினா வலிக்குதான்னு உயிரை எடுக்கும். நமக்கு எதுக்கு அது? நேரா எலும்பு டாக்டர். ஊர்லயே பெரிய கை. மாப்பிள்ளைய நான் வரிசையில நிக்க விடுவேனா?"

அந்த அறையைப் பற்றி அவர் சொன்னது பாதிதான் உண்மை. முதுகுவலி என்று வருகிறவர்கள் எல்லோரும் தாங்களாகவே ஒரு டாக்டரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போய், அங்கிருந்து இன்னொருவர், அங்கிருந்து மற்றொருவர் என்று மாடி மாடியாய் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அதற்காகத்தான் அந்த அறையைத் திறந்தார்கள். அங்கே இருக்கிற பிசியோதெரபிஸ்ட் அம்மா கேட்டுப் பார்த்து, தொட்டுப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்துப் பிரித்து அனுப்புவார். முக்கால்வாசிப் பேருக்கு உடற்பயிற்சியே போதும். சிலருக்கு எலும்பு டாக்டர், சிலருக்கு நரம்பு டாக்டர், சிலருக்குச் சிறுநீரக டாக்டர். எப்போதாவது ஒருவரை மட்டும் அவர் நடக்கக்கூட விடாமல், சக்கர நாற்காலியில் உட்காரவைத்து ஓடச் சொல்வார். அந்த ஒருவரைக் கண்டுபிடிக்கத்தான் மற்றவர்களிடமும் அத்தனை கேள்வி. இதெல்லாம் சிபாரிசுக்குத் தெரியாது. ஏனென்றால் அவர் ஒரு நாளும் அந்த அறைக்குள் போனதில்லை.

பக்கவாட்டுக் கதவு வழியாக மூன்று பேரும் நுழைந்தார்கள். காவலாளி சலாம் போட்டார். எலும்பு டாக்டரின் அறைக்கு வெளியே காத்திருந்தவர்கள் முறைத்தார்கள். "ரெண்டே நிமிஷம், எமர்ஜென்சி" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, தங்கையை வெளியே நிறுத்திவிட்டு, மாப்பிள்ளையை உள்ளே தள்ளிக்கொண்டு போனார் சிபாரிசு. எமர்ஜென்சி என்று அவர் சொன்னது வரிசையைத் தாண்டுவதற்காக. அது உண்மையாகவே எமர்ஜென்சி என்பது சொன்னவருக்கே தெரியாது.

டாக்டர் கெட்டிக்காரர். ஆனால் அன்று காலை முழுக்க இடுப்பு எலும்பு முறிவுகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்திருந்தார். நடுவில் செருகப்பட்ட ஆள் வேறு. "எவ்வளவு நாளா வலி?" என்று ஆரம்பித்தார்.

"டிரைவருங்க டாக்டர். ரொம்ப நாளா இருக்கு. இப்பக் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் சிபாரிசு.

"கால்ல மரத்துப்போற மாதிரி இருக்கா?"

"லேசா இருக்கும் டாக்டர். பஸ் ஓட்டுறவங்களுக்கு இருக்கறதுதானே."

"ஒண்ணுக்கு, ரெண்டுக்கெல்லாம் ஒழுங்கா போகுதா?"

டிரைவர் நிமிர்ந்தார். அவர் வாய் திறந்தது. அதற்குள் சிபாரிசு, "அதெல்லாம் ஒரு பிரச்சனையும் இல்லீங்க டாக்டர், ஆள் கல்லு மாதிரி!" என்று அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

திறந்த வாய் மூடிக்கொண்டது. மனைவியின் அண்ணன். பெண் கொடுத்த வீட்டில் பெரியவர். அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போது, 'எனக்கு ஒண்ணுக்கு வரமாட்டேங்குது' என்று எப்படிச் சொல்வது? அவர் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு அவர் பேச்சைப் பொய்யாக்குவது எப்படி? டாக்டர் ஒரு நொடி டிரைவரைப் பார்த்தார். டிரைவர் தரையைப் பார்த்தார். அந்த ஒரு நொடி போனது போனதுதான். எக்ஸ்ரே, மாத்திரை, இடுப்புக்கு ஒரு பெல்ட், அடுத்த வாரம் வந்து பாருங்கள். சிபாரிசு சொன்னபடியே எல்லாம் சீக்கிரமாக முடிந்துவிட்டது.

"பாத்தியா? அந்த வரிசையில நின்னிருந்தா இந்நேரம் உள்ளயே போயிருக்க மாட்டோம்" என்று தங்கையிடம் பெருமையாகச் சொன்னார் அவர்.

பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மறுநாள் முழுவதும் டிரைவர் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார். காலிலிருந்து செருப்பு தானாக வழுக்கிக் கழன்றது. கழன்றது அவருக்குத் தெரியவில்லை. மனைவி எடுத்துக்கொண்டு வந்து போட்டாள். அதற்கடுத்த நாள் காலை, யார் சொல்லியும் கேட்காமல் டிப்போவுக்குக் கிளம்பிவிட்டார். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றார்.

பஸ்ஸை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்தார். பயணிகள் யாரும் இன்னும் ஏறவில்லை. வாசல் தூண் நெருங்கும்போது பிரேக்கை மிதித்தார். மிதித்தேன் என்றுதான் நினைத்தார். கால் பெடலின் மேல் இருக்கிறதா, பக்கத்தில் இருக்கிறதா என்று தெரியவில்லை. குனிந்து பார்ப்பதற்குள் பஸ் தூணில் போய் உரசி நின்றது. கண்ணாடி ஒன்று நொறுங்கியது, அவ்வளவுதான். மெக்கானிக் ஓடி வந்து, "என்னண்ணே, தூங்கிட்டீங்களா?" என்று சிரித்தான். டிரைவருக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் சற்றுத் தள்ளி, ரோட்டில், ஜனங்கள் குறுக்கே போகும்போது இது நடந்திருந்தால்? சாவியை மெக்கானிக் கையில் கொடுத்துவிட்டு டாக்ஸி பிடித்து வீட்டுக்கு வந்தார்.

வந்தவர் யாரிடமும் பேசாமல் குளியலறைக்குள் போனார். குழாய் திறந்தது. தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. இந்தத் தடவை அவள் கத்தவில்லை. எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள்.

சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்று அவர் அழுதுகொண்டிருந்தார்.

"ஐயோ, என்னங்க! என்ன ஆச்சு?"

"வரல" என்றார். "முட்டிக்கிட்டு நிக்குது, வரமாட்டேங்குது. தண்ணிச் சத்தம் கேட்டா கொஞ்சம் சொட்டும். இன்னிக்கு அதுவும் இல்ல."

குழாய் எதற்கென்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. டேங்க் காலியாகிறது என்று திட்டினோமே என்று நினைத்துக்கொண்டே குழாயை மூடினாள்.

"இத ஏன் டாக்டர்கிட்ட சொல்லல? அவர் கேக்கலையா?"

"கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் எங்க சொன்னேன்? உங்கண்ணன் சொல்லிட்டாரு."

அவளுக்குக் கோபம் யார் மேல் வருவது என்று தெரியாமல் உடம்பெல்லாம் வந்தது. போனை எடுத்து அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் அதே பழைய குரல். "அவ்வளவுதானே, பயப்படாத. அது கிட்னி சமாச்சாரம். கிட்னி டாக்டர் நம்ம கடைக்கு வர்றவர்தான். நாளைக்குக் காலைல மொத ஆளா உள்ள விடச் சொல்றேன்."

"நாளைக்கு வரைக்கும் இவரால முடியாதுண்ணா."

"சொன்னாக் கேளு, நான் இருக்கேன்ல?"

"நீங்க இருந்ததாலதான் இந்த நிலைமை" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பிறந்ததிலிருந்து அண்ணனிடம் அவள் இப்படிப் பேசியதில்லை. அவர் வந்த டாக்ஸி இன்னும் வாசலிலேயே நின்றிருந்தது நல்லதாய்ப் போயிற்று.

கேள்வி ரூமின் வாசலில் பெஞ்சுகள் நிறைந்திருந்தன. உட்கார முடியாதவர்கள் சுவரில் சாய்ந்திருந்தார்கள். டிரைவர் தூணுக்கும் கதவுக்குமாக நடந்தார். நடக்க முடியாமல் நின்றார். நிற்க முடியாமல் நடந்தார். அதற்குள் சிபாரிசு மூச்சிரைக்க ரோட்டைத் தாண்டி ஓடி வந்துவிட்டார்.

"பிடிவாதம் பிடிக்காதம்மா. வாங்க மாப்பிள்ளை, பின்பக்கமா கிட்னி டாக்டர்கிட்ட போயிடலாம். இங்க நின்னா பொழுதே போயிடும்."

"வேணாம்ணா" என்றாள் தங்கை. "கிட்னியா, எலும்பா, வேற ஏதாவதான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிஞ்சவங்க சொல்லட்டும்." பிறகு அவளே கதவைத் தட்டினாள். தலையை நீட்டிய உதவியாளரிடம், கூச்சம் பார்க்காமல், வரிசை முழுவதும் கேட்க, "இவருக்கு முதுகுவலி, காலு மரத்துப்போகுது, ஒண்ணுக்கு வரலைங்க" என்றாள்.

உதவியாளர் கதவை அகலத் திறந்துவிட்டார். "இத மொதல்ல சொல்றதில்ல? உள்ள கூட்டிட்டு வாங்க." வரிசையில் இருந்த ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

சிபாரிசும் பழக்க தோஷத்தில் பின்னாலேயே நுழைந்தார். மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "நீங்க யாரு?"

"நான் இவரோட மச்சான்ம்மா. எதிர்ல மருந்துக் கடை. எல்லா விவரமும் நான் சொல்றேன்..."

"வலி உங்களுக்கா?"

"இல்ல, மாப்பிள்ளைக்கு."

"அப்ப நீங்க வெளிய இருங்க."

சிபாரிசிடம் அந்தக் கட்டடத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. முகம் சுண்டிப்போய் வெளியே வந்தார். கதவு சாத்தப்பட்டது.

உள்ளே அந்த அம்மா டிரைவரிடம் தணிந்த குரலில் பேசினார். "இங்க வெக்கப்பட ஒண்ணுமில்ல. நான் கேக்கறது அசிங்கமா இருக்கும், ஆனா கேட்டே ஆகணும். பஸ் சீட்ல உக்காரும்போது, உக்கார்ற எடத்துல சீட்டு படறது தெரியுதா?"

டிரைவர் திகைத்தார். யாரிடமும் சொல்லாத விஷயம். தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொள்ளாத விஷயம்.

"தெரியல" என்றார். "பஞ்சு மேல உக்காந்த மாதிரி இருக்கு. அது என்னோட ஒடம்பு இல்லாத மாதிரி இருக்கும்மா."

அந்த அம்மா கணுக்காலை அசைக்கச் சொன்னார், ஊசி முனையால் அங்கங்கே தொட்டுக் கேட்டார். பிறகு எழுந்து போனை எடுத்தார். "முதுகுத்தண்டு ஆபரேஷன் டாக்டரக் குடுங்க. ஆமா, இப்பவே. ஸ்கேன் ரூமை ரெடி பண்ணச் சொல்லுங்க, ஆள் வந்துட்டிருக்காரு." அதற்குள் சக்கர நாற்காலி வந்துவிட்டது.

அதன் பின்னால் ஓட வேண்டியதாயிற்று சிபாரிசுக்கு. இந்த முறை யாரையும் கெஞ்சாமல், யாருக்கும் கும்பிடு போடாமல், கதவுகள் தாமாகத் திறந்துகொண்டே போவதைப் பார்த்துக்கொண்டே ஓடினார்.

ஸ்கேன் முடிந்ததும் அறுவை மருத்துவர் வெளியே வந்தார். இளவயதுப் பெண். சுற்றி வளைக்காமல் சொன்னார். "முதுகெலும்புக்கு நடுவுல இருக்குற வட்டு பிதுங்கி, கீழ போற நரம்புக் கொத்தை நசுக்கிட்டிருக்கு. காலுக்கும் ஒண்ணுக்குப் போறதுக்கும் அந்த நரம்புகள்தான். உடனே அழுத்தத்தை எடுக்கணும், இப்பவே ஆபரேஷன். கால் தேறிடும்னு நம்புறேன். மத்தது எவ்வளவு திரும்பும்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. முந்தாநாளே வந்திருந்தா நல்லாருந்திருக்கும்."

"நாங்க முந்தாநாளே வந்தோமே டாக்டர்!" என்றார் சிபாரிசு, அடிபட்டவர் போல.

"எங்க வந்தீங்க? கீழ முதுகுவலி ரூம் பதிவுல இல்லையே."

எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிற சிபாரிசு தங்கையைத் திரும்பிப் பார்த்தார். தங்கை அவரைப் பார்க்கவில்லை. அதுவே அவரைக் கொன்றது.

அறுவை சிகிச்சை முடிந்தது. கால் மெல்ல மெல்லத் தேறியது. ஆனால் சிறுநீருக்கு டியூப் வைத்துக்கொண்டே டிரைவர் வீட்டுக்கு வந்தார். அதை எடுத்த பிறகும் பழையபடி ஆகவில்லை. முட்டுகிற உணர்வு சரியாகத் தெரிவதில்லை, நேரம் வைத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. பஸ் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். டிப்போவில் உட்கார்ந்து வண்டிகளை அனுப்புகிற வேலை கொடுத்தார்கள். ஸ்டீயரிங்கைத் தொடாத முதல் நாள், வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை.

வெகுநாள் வரைக்கும் சிபாரிசு அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"மாப்பிள்ளை, என்னைத் திட்டிடுங்க. மனசு விட்டுத் திட்டிடுங்க" என்றார். கண் கலங்கியிருந்தது.

டிரைவர் யோசித்தார். "உங்கள மட்டும் எப்படி மச்சான் திட்டறது? டாக்டர் கேட்டது என்னை. நீங்க பேசினீங்க, நான் பேசாம இருந்தேன். ரெண்டு பேரும் சேர்ந்துதானே பண்ணோம்" என்றார். பிறகு, "உள்ள வாங்க, காபி ஆறுது" என்றார்.

தையல்காரி அண்ணனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

சில வாரங்கள் கழித்து, மருந்துக் கடைக்கு ஒரு தச்சன் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். அந்த அம்மா முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணே, பெரிய டாக்டர்கிட்ட சைடு கதவு வழியா ஒரு வார்த்தை சொல்லி விடுங்க" என்றான்.

சிபாரிசு பழையபடி ஷட்டரைப் பாதி இறக்கினார். பழையபடி ரோட்டைத் தாண்டினார். பக்கவாட்டுக் கதவில் காவலாளி சலாம் போட்டார். அதைக் கடந்து, முன்வாசல் வழியாக, கேள்வி ரூம் பெஞ்சில் அவர்களை உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தார்.

"என்னண்ணே, இங்க கொண்டு வந்து விட்டுட்டீங்க?" தச்சனுக்கு ஏமாற்றம்.

"இங்கதான் வரணும். பெரிய டாக்டர் யாருன்னு எனக்குத் தெரியும்பா. உங்கம்மாவுக்கு எந்த டாக்டர் வேணும்னு எனக்குத் தெரியாது. அது இந்த ரூமுக்குத்தான் தெரியும். தெரியாத நான் வழி காட்டி, என் தங்கச்சி புருஷன் இன்னிக்கு பஸ் ஓட்டாம உக்காந்திருக்காரு."

அவர்கள் முறை வந்தது. உதவியாளர் கதவைத் திறந்து, "பாட்டி, எங்க வலிக்குது?" என்று கேட்டார்.

"எங்கம்மாவுக்கு இடுப்புலதாங்க, ரொம்ப நாளா..." என்று தச்சன் ஆரம்பித்தான்.

சிபாரிசு அவன் கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்காரவைத்தார்.

"உக்காருப்பா. வலி அவங்களுக்கு. பதிலை அவங்களே சொல்லட்டும்."